கணித மன்ற ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நூலக மாடியில் நடந்தன. டிசம்பர் 22 அன்று ராமானுஜன் பிறந்தநாள் வினாடி வினாவும் குறையின்றி நடந்தது.

சனிக்கிழமை வகுப்பில் இந்த ஆண்டு ஒரே ஓர் எண்ணைத்தான் எடுத்துக்கொண்டோம்: 147573952589676412927. அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் இது வரும். ஓர் எண்ணுக்கு இத்தனை வாரமா என்று செயற்குழுவிலேயே கேள்வி எழுந்ததால், விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண் என்று பட்டியலிட்டார். 1876-ல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இது பகு எண் என்று நிறுவினார். ஆனால் ஒரு காரணியைக்கூடக் காட்டவில்லை. காரணி தெரியாமலே அப்படிச் சொல்ல முடியும் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் 1903 அக்டோபரில், அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்பவர் காரணிகளை வெளியிட்டார்: 193707721, 761838257287. வாய் திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார் என்பார்கள்.

கணினியில் தட்டினால் நொடியில் வந்துவிடுமே என்கிறார்கள். வரும். ஆனால் 193707721-ல் ஒன்றைக் கழித்தால் 134-ஆல் மீதியின்றி வகுபடும், ஈவு 1445580. 134 என்பது 67-ன் இருமடங்கு. இன்னொரு காரணியும் அப்படித்தான். சிறிய எண்ணிலும் பார்க்கலாம்: 2-ன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தால் 2047, அது 23 பெருக்கல் 89, இரண்டிலும் ஒன்றைக் கழித்தால் 22-ன், அதாவது 11-ன் இருமடங்கின், மடங்கு. இந்த விதியைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை வாரம்.

பெருக்கலை சார்ட்டில் போட்டு முடித்ததும், எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இலக்கங்களைக் கூட்டினார். காரணிகளுக்கு 37, 64, விடைக்கு 109. மூன்றுக்குமே 9-ஆல் வகுத்தால் மீதி 1. “சரியாத்தான் சார் இருக்கும்” என்றார். இலக்கம் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காதே என்றேன். அப்புறம் அவரே 11-ஆல் பார்த்தார்: காரணிகளின் மீதி 9, 8, பெருக்கினால் 72, அதன் மீதி 6. விடைக்கும் 6. அந்த மாலை வந்திருந்த உறுப்பினர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம் என்பதுதான் என் வருத்தம்.

பதிவேட்டில் பெயர் இருக்கிறது, ஆள் வருவதில்லை. பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. நினைவூட்டல் அனுப்பினால் பதிலும் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்; வாடகையும் சார்ட், மார்க்கர் செலவும் போகக் கையிருப்பு சொற்பமே.

இடம் தந்த நூலகருக்கும், ஒத்துழைத்த ஆசிரியர்களுக்கும், தேநீர் பொறுப்பேற்ற நண்பர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு 4294967297-ஐ எடுக்க எண்ணம். ஃபெர்மா என்ற கணித அறிஞர் பகா எண் என்று நம்பியது அது. 1732-ல் ஆய்லர் என்ற இன்னொரு கணித அறிஞர் 641-ஆல் வகுத்துக் காட்டினார். காரணி தேட, 64-ன் மடங்கோடு ஒன்று சேர்ந்த எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்பதால், பிள்ளைகள் கையாலேயே எட்டிவிடலாம். இதற்குப் பெரிய கரும்பலகை ஒன்று வேண்டும். அதோடு, சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்க்க இரண்டு மூன்று பெரியவர்களாவது வேண்டும். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே இருப்பார்.

செயலாளர்