செயலாளர் ஆண்டறிக்கை: கேளம்பாக்கம் ரோஹிங்கியா குடும்பங்களும் பிறப்புச் சான்றிதழ் வேலையும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. கொசுவலையும் பள்ளி நோட்டுகளும் வழங்கப்பட்டன. கண் பரிசோதனை முகாம் நடந்தது.

மீதி நாளெல்லாம் பிறப்புச் சான்றிதழுக்கே போயிற்று. ஏன் என்று சிலர் கேட்டதால் சொல்கிறேன். புயலடிக்கும்போது ஓரிரு இரவு ஒதுங்குவதற்காகச் சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில் கட்டிய மையத்தில், மியான்மரிலிருந்து வந்த இந்த ரோஹிங்கியா குடும்பங்கள் 2012 முதல் இருக்கின்றன. மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. கையில் இருப்பது ஐ.நா. அகதி அட்டை மட்டுமே. பிறப்புச் சான்றிதழ் குடியுரிமை தராது. ஆனாலும் குழந்தை எங்கே, எப்போது, யாருக்குப் பிறந்தது என்று சொல்லும் அரசுத் தாள் அதுதான்.

கர்ப்பம் தெரிந்ததுமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்க வேண்டும்; பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவை. ஆதார் கேட்டதும் பெண்கள் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். பிறகு சான்றிதழும் அங்கேயே நின்றுபோகிறது. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்குமேல் ஓராண்டு வரை எழுத்து அனுமதி வேண்டும். ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் உத்தரவு.

பெயரில்தான் பெரிய சிக்கல். மருத்துவமனையில் காதில் விழுந்தபடி எழுதுகிறார்கள். இக்குடும்பங்களுக்கு இனிஷியல் வழக்கமில்லை. படிவத்தில் யாராவது ஒன்றைச் சேர்த்துவிட்டால் அகதி அட்டையோடு ஒத்துப்போகாது. அட்டை நகலை மருத்துவமனைச் சீட்டோடு பிணைத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும். குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லையென்றாலும் பதிவை நிறுத்தக் கூடாது; 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். வயதுச் சான்று இல்லையென்று பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பக்கத்தின் நகலும் கூடவே போகட்டும்.

இதற்கெல்லாம் உடன் போக ஆள் வேண்டும். பட்டியலில் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் ஒருநாளும் வரவில்லை. முன்கூட்டிச் சொன்னாலாவது வேறொருவரை அனுப்பியிருப்பேன். பழைய பொருள் பொறுக்கிப் பிழைக்கும் தகப்பனுக்கு வீணாய்ப் போன ஒரு நாள் என்பது ஒரு நாள் சோறு. 21 நாள் கணக்கும் நமக்காக நிற்காது.

வரவு செலவைப் பொருளாளர் சரிபார்த்திருக்கிறார், கையிருப்பு குறைவு. மூன்றாண்டு சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே வாசிக்கவில்லை. நன்கொடையாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் தலைமையாசிரியருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மையத்தின் மின்கம்பிகளையும், அடுப்புக்கு அருகே தொங்கும் துணித் தடுப்புகளையும் மாற்றியாக வேண்டும். இப்போதைய கையிருப்பில் அது முடியாது. ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது. உடன் செல்வோர் பட்டியல் மேசைமேல் இருக்கிறது. வர முடிந்த நாளை மட்டும் எழுதுங்கள்.

செயலாளர்