வாட்டம் பார்க்காமல் கல் பதிக்க வேண்டாம்: நம் கோயில் நிர்வாகத்துக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கோலாலம்பூர், செந்தூலில் உள்ள நம் கோயிலின் பின்முற்றத்தை, கூடத்தின் தரை அளவுக்கு மண் போட்டு உயர்த்தி, இன்டர்லாக் கல் பதித்து, ஓரத்தில் பூச்செடி வைக்கப்போவதாக அறிவிப்புப் பலகையில் படித்தேன். நல்ல காரியம். ஆனால் 12 லோரி மண்ணுக்கு விலை கேட்டாகிவிட்டது, லெவல் (தரையின் மேடு பள்ள அளவு) மட்டும் யாரும் எடுக்கவில்லை என்று தெரிந்தபோது மனம் ஒப்பவில்லை. சர்வே வேலையில் அளவுக்கோல் பிடிக்கும் பையனாகத் தொடங்கி, பிறகு தோட்ட வேலை கொன்ட்ராக்ட் எடுத்துப் பிழைத்தவன் நான்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் நண்பர் ஒருவரின் லெவல் கருவியை முக்காலியில் வைத்துப் பார்த்தேன். (கேட்காமல் செய்ததற்கு மன்னிக்கவும்.) கூடத்தின் தரையை 10.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். அங்கே கோலை நிறுத்தியபோது 0.970 காட்டியது. அப்படியானால் கருவியின் பார்வைக் கோடு 10.970 உயரத்தில் இருக்கிறது. இனி எந்த இடத்தில் கோல் நின்றாலும், காட்டும் எண்ணை இதிலிருந்து கழித்தால் அந்த இடத்தின் மட்டம் வந்துவிடும். எண் கூடக் கூட நிலம் தாழ்கிறது என்பது பொருள்; புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் தலைகீழாக எழுதிவிடுவார்கள்.

மடப்பள்ளி மூலையில் 1.510, அதாவது மட்டம் 9.460. பக்கத்துக் கால்வாயின் விளிம்பில் 1.350, மட்டம் 9.620. கால்வாயின் அடித்தளம் 9.040. அந்த மூலை, கால்வாய் விளிம்பைவிட 160 மில்லிமீட்டர் பள்ளம். நவராத்திரி நேரத்து மாலை மழையில் அன்னதான வரிசை ஏன் கணுக்கால் தண்ணீரில் நிற்கிறது என்பதற்கு இதுதான் காரணம். கால்வாய் ஆழமாகத்தான் இருக்கிறது, அதன் விளிம்புதான் தண்ணீரைத் தடுக்கிறது.

முற்றத்தைக் கூடத்துக்குச் சமமாக உயர்த்தினால் அந்தத் தண்ணீர் நேராகக் கூடத்துக்குள் வரும். வேறொரு மண்டபத்தில் நானே அப்படிச் செய்து, மறு வாரம் சுவரோரம் ஈரம் ஏறியதைப் பார்த்து வெட்கப்பட்டவன். அதனால் கல்லின் மேல்மட்டம் கூடத்தைவிட ஒரு படி, 150 மில்லிமீட்டர், கீழே இருக்கட்டும். அங்கிருந்து கால்வாய் வரை 24 மீட்டர். கல் பதித்த தரைக்கு 80-க்கு 1 வாட்டமாவது, அதாவது 80 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் சரிவாவது, வேண்டும் என்பது என் கணக்கு. 50-க்கு 1 இன்னும் நல்லது. 80-க்கு 1 என்றால் 300 மில்லிமீட்டர் இறக்கம், கால்வாய் ஓரத்தில் 9.550. விளிம்பை 70 மில்லிமீட்டர் வெட்டி இறக்கினால் போதும்.

அப்போது கால்வாய் ஓரத்து மடப்பள்ளி மூலையில் 9.460-இலிருந்து 9.550-க்கு உயர வேண்டியது 90 மில்லிமீட்டர்தான். 60 மில்லிமீட்டர் கல், 30 மில்லிமீட்டர் மணல்: கணக்கு அதோடு சரி. அடியில் உடைகல் படுக்கை வேண்டுமே, அதற்குத் தோண்டத்தான் வேண்டும். அந்த மூலைக்கு ஒரு லோரி மண்ணும் தேவையில்லை! நடுவில் எங்காவது பள்ளம் நிரப்ப நேர்ந்தால், மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் 150 மில்லிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பாக்டரால் இறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தைப்பூசத்துக்குள் கல் அமுங்கிவிடும்.

வேப்பமரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிமரத்தைச் சுற்றி மண் ஏற்ற வேண்டாம். வேருக்குக் காற்றும் வேண்டும். மூடினால் மரம் உடனே வாடாது, இரண்டு மூன்று ஆண்டு கழித்துக் கிளை கிளையாகக் காயும், அப்போது யாருக்கும் காரணம் நினைவிருக்காது. தோண்டும்போது வரும் கறுத்த மேல்மண்ணைத் தனியே குவித்து வையுங்கள். பூச்செடிப் பாத்திக்கு அதைவிட நல்ல மண்ணைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

வேலியோரத்து எல்லைக் கல்லை பேக்ஹோ (மண் தோண்டும் இயந்திரம்) தொடக்கூடாது. என் கருவி உயரத்தைத்தான் சொல்லும். எல்லையைச் சொல்ல உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் வேண்டும். மண்வேலைக்கு 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி தேவைப்படலாம். லோரி வருமுன் மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுங்கள்.

வரும் ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு முற்றம் முழுதும் 3 மீட்டருக்கு ஒரு புள்ளியாக மட்டம் எடுத்து, படமாகவே வரைந்து தருகிறேன். கூலி வேண்டாம். கோலை ஆடாமல் நிமிர்த்திப் பிடிக்க ஒரு பையனை மட்டும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பின்வரிசையில் உட்காரும் ஒரு பக்தன்