உன் பள்ளிக்கூடப் பையில் வந்த காகிதங்கள்

மினசோட்டா,
ஜனவரி 2025

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. உனக்கு ஜப்பானில் திங்கட்கிழமை காலை, பாடம் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்குக் கிளம்பும் அவசரம். எனக்கு இங்கே ஞாயிறு சாயந்தரம் நாலு மணி, அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. "அம்மா, என் ஆறாவது பசங்க அமெரிக்காவுல ஸ்கூல் எப்படி இருக்கும்னு கேக்கறாங்க, சினிமால வர்ற மஞ்ச பஸ், லாக்கர், டான்ஸ் எல்லாம் நிஜமான்னு கேக்கறாங்க, பழைய போட்டோ இருந்தா அனுப்பு" என்றாய். சரி, பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். ராத்திரி பேஸ்மென்ட்டுக்குப் போய் உன் பெயர் எழுதி வைத்திருந்த நீல மூடிப் பெட்டியைத் திறந்தேன். அப்பா தேடிக்கொண்டு வரும் வரை அங்கேயே படியில் உட்கார்ந்திருந்தேன்.

போட்டோ அனுப்புகிறேன். ஆனால் எடுத்துப் பார்த்தால் எல்லாமே ஹாலோவீன் வேஷமும் பிறந்தநாள் கேக்கும்தான், சாதாரண நாளை யார் போட்டோ எடுத்து வைத்தோம். அந்தப் பிள்ளைகளுக்கு நீ அந்தச் சாதாரண நாளைத்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. எனக்கே இந்த நாடு பிடிபட்டது அப்படித்தான். 2000-ல் வந்தேன். ஏழு வருஷம் கடை, நூலகம், கோயில், அப்பா ஆபீஸ் நண்பர்கள் வீடு, இவ்வளவுதான் நான் பார்த்த அமெரிக்கா. நீ கிண்டர்கார்ட்டன் சேர்ந்த பிறகு தினமும் சாயந்தரம் உன் பையில் வந்த காகிதங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்துத்தான் பக்கத்து வீட்டு ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரிய வந்தது.

மஞ்சள் பஸ் நிஜம் என்று சொல். 2007 செப்டம்பர் 4, லேபர் டே லீவுக்கு மறுநாள். உன் கழுத்தில் பஸ் மாதிரி வெட்டிய மஞ்சள் காகிதம், அதில் உன் பெயர், பஸ் நம்பர், இறங்க வேண்டிய இடம், எல்லாம் கம்பளி நூலில் கோத்து மாட்டியிருந்தது. பஸ்ஸின் முதல் படி உன் முழங்காலுக்கு மேலே இருந்தது. நான் தூக்கிவிடப் போனேன், அந்த டிரைவர் அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, நீயே கம்பியைப் பிடித்து ஏறும் வரை அசையாமல் காத்திருந்தார். அவ்வளவு நேரமும் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஸ்டாப் பலகை நீட்டிக்கொண்டு நிற்கிறது, இரண்டு பக்கமும் கார்கள் நகராமல் நிற்கின்றன. இந்த மாநிலத்தில் குறைந்தது 20 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். ஈரோட்டில் டவுன் பஸ்ஸில் மார்க்கெட் மூட்டைகளுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு படிக்கப் போனவள் நான். ஒரு ஐந்து வயதுப் பிள்ளை படி ஏறுவதற்காகத் தெருவே நிற்கிறதே என்றுதான் அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. நீ போகிறாயே என்று அழுததாக அப்பா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் மஞ்சள் என்று கட்டாயம் கேட்பார்கள். 1939-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சிர் என்ற பேராசிரியர் பல மாநிலத்தவரைக் கூட்டி வைத்து முடிவு செய்த நிறம் அது. விடியாத நேரத்திலும் மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து தெரியும் என்பதுதான் காரணம். அங்கே ஜப்பானில் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து நடந்தே பள்ளிக்கு வருகிறார்கள் என்று சொன்னாயே, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இங்கே வீடு ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், நம் தெருவில் நடைபாதையும் கிடையாது, பஸ் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

லாக்கர், டான்ஸ் எல்லாம் நீயே பார்த்துக்கொள், எனக்கு அதிகம் தெரியாது. 2020-ல் கொரோனாவால் உனக்கு ப்ராம் டான்ஸும் நடக்கவில்லை, பட்டமளிப்பையும் காருக்குள் உட்கார்ந்தபடிதான் பார்த்தோம். அந்தத் தொப்பியும் கவுனும் பெட்டியில் மேலேயே இருக்கிறது.

பிப்ரவரி வரப் போகிறது, அதனால் வாலன்டைன் அட்டை பற்றி எழுதுகிறேன். 2008-ல் உன் பையில் ஒரு காகிதம் வந்தது, வகுப்பில் உள்ள 23 பெயரும் அதில் இருந்தன. காதலர் தினத்துக்குப் பச்சைப் பிள்ளையிடம் என்ன கொடுத்து அனுப்புவது என்று எனக்கும் அப்பாவுக்கும் சங்கடம். சரி, நாலு பேரோடுதான் விளையாடுகிறாய், நாலு அட்டை போதும் என்று எழுதிக் கொடுத்தேன். சாயந்தரம் நீ ஷூ டப்பா நிறைய அட்டையோடு வந்தாய், 22 பேரும் கொடுத்திருந்தார்கள். "நான் மட்டும் ஏம்மா எல்லாருக்கும் குடுக்கல?" என்று கேட்டாய். அழவில்லை, கேட்டாய், அவ்வளவுதான். ராத்திரி பதினொரு மணி வரை கலர் காகிதத்தை இதய வடிவத்தில் வெட்டி மீதி 18 பேருக்கும் எழுதி மறுநாள் காலையில் கொடுத்தனுப்பினேன். உன் டீச்சர் நேற்று இன்று என்று ஒரு வார்த்தை பேசாமல் நீயே மேஜை மேஜையாகப் போய்க் கொடுக்க வைத்தாராம்.

அந்தக் காகிதத்தை அப்புறம் திரும்பப் படித்தேன். கொண்டுவந்தால் எல்லோருக்கும் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தது. யாரை விட்டுவிடலாம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையையே ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை பார். எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த விதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். முடிந்தால் உன் வகுப்பில் இதைச் செய்து பார், வாயால் சொல்வதைவிடச் சுலபமாகப் புரியும்.

குளிர்காலம் பற்றியும் சொல். உங்கள் ஊரிலும் பனி விழுகிறது என்றாய், ஆனால் இங்கே பிள்ளைகளை அந்தப் பனியிலேயே விளையாட வெளியே அனுப்புவார்கள் என்றால் நம்புவார்களா தெரியவில்லை. நம் பள்ளியில் பூஜ்யம் பாரன்ஹீட், அதாவது மைனஸ் 18 செல்சியஸ் வரைக்கும் இடைவேளை வெளியில்தான். ஸ்னோ பேன்ட், பூட்ஸ், கோட், தொப்பி, கையுறை என்று இருபது சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுக் கழற்றிவிடும் அந்த டீச்சர்களை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. 2014 ஜனவரி 6-ஆம் தேதி குளிர் தாங்காமல் ஆளுநரே மாநிலம் முழுவதும் பள்ளிகளை மூடச் சொன்னார், உனக்கு ஞாபகம் இருக்கும். முதல் நாள் ராத்திரி நீயும் தம்பியும் நைட் டிரஸ்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, தலையணைக்கு அடியில் ஸ்பூன் வைத்துப் படுத்தீர்கள், அப்படிச் செய்தால் லீவு வரும் என்று இங்கே பிள்ளைகளுக்குள் ஒரு நம்பிக்கை. மூடப்போவது முன்னாடியே அறிவித்தாகிவிட்டது என்று சொன்னாலும் கேட்கவில்லை, ஸ்பூன் இல்லாமல் தூங்க மாட்டேன் என்றான் தம்பி. அம்மாயிக்குப் போன் போட்டுச் சொன்னபோது, மழை வர நாம கழுதைக்குக் கல்யாணம் பண்ணலியா, அது மாதிரிதான் என்றார்கள்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், இதை நான் உன்னிடம் முழுசாகப் பேசியதே இல்லை. உன் பள்ளியில் பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி போட்டுப் பரிமாறி, ஆசிரியரும் கூட உட்கார்ந்து எல்லோரும் ஒரே சாப்பாடு சாப்பிடுகிறார்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து இது மனசில் ஓடுகிறது. நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது உன் சாப்பாட்டுக் கணக்கில் பணம் தீர்ந்துவிட்டது. எச்சரிக்கைக் காகிதம் பைக்கு அடியில் கசங்கிக் கிடந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. நீ வரிசையில் வாங்கிய சூடான தட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஆறிய சீஸ் சாண்ட்விச்சைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். எல்லோர் முன்னாலும். மூன்று நாள் கழித்து நீ சொன்னாய். நான் அன்றைக்குப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேனே தவிர யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

1982-ல் சத்துணவு தொடங்கியபோது எனக்கு ஏழு வயசு. தட்டைத் தூக்கிக்கொண்டு போவோம், சோறு போடுவார்கள், உன் கணக்கில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அப்படி வளர்ந்தவள் பெற்ற பிள்ளை கையிலிருந்து, இவ்வளவு பணக்கார நாட்டில், தட்டு பிடுங்கப்பட்டதை என்னால் மறக்க முடியவில்லை. 2023-ல் மினசோட்டா சட்டம் போட்டு, பள்ளியில் காலையும் மதியமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம் என்று ஆக்கியபோது உனக்குத்தான் முதல் மெசேஜ் போட்டேன். நீ ஒரு இதயப் படம் மட்டும் பதிலுக்கு அனுப்பினாய், எனக்குப் புரிந்தது. எல்லா மாநிலத்திலும் இது இல்லை, அதையும் உண்மையாகச் சொல்லிவிடு.

டீச்சர், பெற்றோர் சந்திப்பு உனக்கு ஒரு மாதிரி ஞாபகம் இருக்கும், எனக்கு வேறு மாதிரி. அப்பா அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார். முதல் கேள்வியே, உங்கள் பிள்ளையைப் பற்றி எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது. என் அம்மாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் முதலாம் வகுப்பில் ஒரு தடவை, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், அவளுக்கு நல்லது என்று சொல்லி அனுப்பினார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். நாங்களும் கேட்டுக்கொண்டோம். மூன்று வாரம் வீட்டில் "ஈட்", "ஸ்லீப்", "கம் ஹியர்" தவிர வேறு பேச்சே இல்லை. உன்னைக் கொஞ்ச எனக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கூட வாயில் வரவில்லை. ஒரு ராத்திரி நீ தூக்கக் கலக்கத்தில் "அம்மா கண்ணுன்னு கூப்பிடு" என்றாய். அன்றோடு நிறுத்தினோம். அங்கே உன் வகுப்பில் வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை யாராவது இருந்தால், அந்தத் தாயிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிடாதே கண்ணு.

காலையில் கொடியைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து உறுதிமொழி சொல்வதைப் பற்றியும் கேட்கலாம். உன் வகுப்பில் ஒரு பையன் அவர்கள் மத வழக்கப்படி சொல்லாமல் உட்கார்ந்திருப்பான், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று வந்து சொன்னாயே. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தப் பையனைப் பற்றியும் சொல்.

அப்புறம் அந்த இன்னொன்று. பெட்டியில் தம்பி முதலாம் வகுப்பில் வரைந்த படம் ஒன்றும் கலந்து கிடந்தது, இருட்டு அறை, மூலையில் வரிசையாக வட்டத் தலைகள். 2012 டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை, கனெக்டிகட்டில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட அன்று தம்பிக்கும் அந்தப் பிள்ளைகள் வயசுதான். நான் மத்தியானமே போய் வாசலில் நின்றேன். அங்கே ஏற்கனவே பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள் நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் யாரோடும் பேசவில்லை. நம் மாநிலத்தில் வருஷத்துக்கு ஐந்து தடவை கதவைப் பூட்டி ஒளியும் பயிற்சி நடத்த வேண்டும் என்பது சட்டம். விளக்கை அணைச்சுட்டு மூச்சு விடற சத்தம் கூட கேக்காம இருந்தோம், நான் சத்தமே போடலைன்னு டீச்சர் ஸ்டிக்கர் குடுத்தாங்க என்று தம்பி சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்து காட்டினான். அந்த ஸ்டிக்கரைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டியிருந்தது எனக்கு.

உன் பள்ளியில் நிலநடுக்கப் பயிற்சிக்கு எல்லோரும் மேஜைக்கு அடியில் போனீர்கள் என்று நீ சொன்னபோது நான் பேசாமல் இருந்தேனே, இதை நினைத்துத்தான். பூமி ஆடுவதற்கு யாரைக் குறை சொல்ல முடியும். இது அப்படி இல்லை. சின்னப் பிள்ளைகளிடம் நீ இதைச் சொல்ல வேண்டாம். ஆனால் கூட வேலை பார்க்கும் ஆசிரியர்கள் கேட்டால் மறைக்காமல் சொல், வெட்கப்பட்டு முழுங்கிவிடாதே, மஞ்சள் பஸ்ஸைச் சொன்ன அதே வாயால் இதையும் சொல்.

இந்த வாரம் ஒரு பார்சல் அனுப்புகிறேன். பஸ் வடிவக் காகிதம் இருக்கிறது, கம்பளி நூல் மட்டும் இற்றுப்போனதால் புதுசாகப் போட்டிருக்கிறேன். ஷூ டப்பாவிலிருந்து ஒன்பது வாலன்டைன் அட்டை. சீரியல் டப்பாவிலிருந்து நீ வெட்டி வெட்டிச் சேர்த்த பாக்ஸ் டாப்ஸ் துண்டுகள், ஒன்றுக்குப் பத்து சென்ட் பள்ளிக்குப் போகும் என்று பக்கத்து வீட்டுக் குப்பையைக் கூடக் கிளறினாயே, அதில் கொடுக்க மறந்தது 14 இருக்கிறது. உன் சிவப்புக் கையுறை ஒன்று. பள்ளியில் தொலைந்த பொருள் மேஜையில் நூறு கையுறை குவிந்து கிடக்கும், உன்னுடையது தெரியவேண்டும் என்று உள்ளே தமிழில் உன் பெயரின் முதல் எழுத்தைத் தைத்திருந்தேன். இடது கை மட்டும்தான் இருக்கிறது. வலது கை அந்த மேஜையில் கிடைக்கவே இல்லை.

அன்புடன்,
அம்மா