ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர் சங்கம்: 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

கர்த்தருக்குள் அன்பான சேகரகுருவானவர் ஐயா அவர்களே, சபை ஊழியர் அவர்களே, ஆசிரிய ஆசிரியைகளே, உங்கள் யாவருக்கும் ஸ்தோத்திரம்.

மாதக் கூடுகைகள் வழக்கம்போல இரண்டாம் சனிக்கிழமைகளில் நடந்தன. விடுமுறை வேதாகமப் பள்ளி, பாட்டுப்போட்டி விவரங்கள் தனித்தாளில் உள்ளன. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். வகுப்பில் பிள்ளைகளுக்கு என்ன உபதேசம் போய்ச் சேருகிறது என்பதற்கே இந்த அறிக்கையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

குமாரன் யார் என்ற சர்ச்சையைத் தீர்க்கச் சபைத் தலைவர்கள் கூடி, விசுவாசப்பிரமாணம் என்னும் விசுவாச அறிக்கையை வகுத்த நிசேயா ஆலோசனைச் சங்கம் கூடியது கி.பி. 325இல், இது 1700ஆம் ஆண்டு. ஆகவே கூடுகைகளில் விசுவாசப்பிரமாணத்தையே வரிவரியாக எடுத்துக்கொண்டோம். மனப்பாடம் எல்லாருக்கும் இருக்கிறது. "இதை எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டபோதுதான் தடுமாற்றம் தெரிந்தது.

முதல் தடுமாற்றம் திரித்துவம், அதாவது ஒரே தேவன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவராய் இருக்கிறார் என்ற உபதேசம். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உவமை ஏறக்குறைய எல்லா வகுப்புகளிலும் ஓடுகிறது. பிள்ளைக்குச் சட்டென்று புரிகிறது; கோளாறும் அங்கேதான். ஒரே தண்ணீர் மூன்று வேஷம் போடுகிறது என்றால், ஒரே தேவன் ஒரு சமயம் பிதா, ஒரு சமயம் குமாரன், ஒரு சமயம் ஆவி என்றாகிவிடும். மூன்றாம் நூற்றாண்டில் சபை தள்ளிய சபெல்லியுவின் போதனை இதுவே. உவமையைச் சோதிக்க மத்தேயு 3:16, 17 போதும். குமாரன் யோர்தான் கரையில் நிற்கிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், பிதா வானத்திலிருந்து பேசுகிறார். மூவரும் ஒரே வேளையில். இனிமேல் உவமை வேண்டாம், இந்தக் காட்சியையே பலகையில் வரையுங்கள் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது, குமாரனைப் பற்றிய "ஜெநிப்பிக்கப்பட்டவர்" (பிதாவினால் பெறப்பட்டவர்) என்ற சொல். கொத்தனார் வீட்டைக் கட்டுகிறார், மகனைப் பெறுகிறார். வீடு கொத்தனாரின் தன்மை உடையதல்ல, மகன் அவரைப்போல மனிதன். குமாரன் உண்டாக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியு என்பவருக்கு நிசேயா சொன்ன பதிலின் சாரம் இதில் வந்துவிடுகிறது. ஆனால் இதோடு நிறுத்தினால், "அப்பா முதலில், மகன் பிறகுதானே?" என்று பிள்ளை கேட்கும், கேட்பது நியாயம். "எல்லா உலகங்களுக்கும் முன்னே" என்ற பகுதியையும் அதே மூச்சில் சொல்லிக்கொடுக்க வேண்டும். கொலோசெயர் 1:15இல் வரும் "முந்தின பேறு" என்ற சொல்லைக் காட்டி, அவரும் ஒரு சிருஷ்டியே என்று வாதிடுகிறவர்கள் வீடு தேடி வருகிறார்கள். பெரிய பிள்ளைகளுக்குச் சங்கீதம் 89:27ஐக் காட்டுங்கள். ஈசாயின் கடைசி மகன் தாவீது அங்கே முதற்பேறானவன் ஆக்கப்படுகிறான். அது பிறந்த வரிசை அல்ல, ஸ்தானம்.

அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று வாரந்தோறும் சொல்கிறோம். வகுப்பிலோ ஆத்துமா மோட்சத்துக்குப் போவதோடு பாடம் முடிந்துவிடுகிறது. துக்க வீடுகளில் கேட்பதும் அவ்வளவே. உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்று போதித்த இமெநேயு, பிலேத்து என்பவர்களின் வார்த்தை அரிபிளவையைப்போல (சதையை அரிக்கும் புண்ணைப்போல)ப் படரும் என்று 2 தீமோத்தேயு 2இல் பவுல் எழுதுகிறார். அவர் சொல்லும் "ஆரோக்கியமான உபதேசம்" என்பதில் உள்ள கிரேக்கச் சொல்லும் உடல் நலத்தைக் குறிக்கும் சொல்தான். உயிர்த்தெழுதலைப் பற்றிய 1 கொரிந்தியர் 15க்கு இந்த ஆண்டு இரண்டு வாரம் ஒதுக்கினோம். அடுத்த ஆண்டு மூன்று வாரம் வேண்டும்.

புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கும், ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை பற்றிச் சற்றுச் சூடாகவே பேச்சு நடந்தது. அட்டை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல முடிவைத் தருவேன் என்கிற எரேமியா 29:11 அட்டையில் வருகிறது, எழுபது வருஷம் பாபிலோனில் இருக்க வேண்டும் என்கிற 10ஆம் வசனம் வருவதில்லை. எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்கிற பிலிப்பியர் 4:13ஐப் பரீட்சைக்கு முன் எழுதிக்கொடுக்கிறோம், பட்டினியைப் பற்றிய 12ஆம் வசனத்தை விட்டுவிடுகிறோம். எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்க வேண்டுகிறேன் என்கிற 3 யோவான் 2, காயு என்பவருக்கு எழுதிய கடிதத்தின் நலம் விசாரிப்பு. அதைச் செல்வத்துக்கான உத்தரவாதமாக்க முடியாது. வரும் ஆண்டு ஓய்வுநாள் பாடசாலைக்கான அட்டைகளின் பின்பக்கத்தில் முன்வசனமும் பின்வசனமும் அச்சாகும். எழுத்து பொடியாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் பிரசங்கக் கதைகள் இன்னொரு தொல்லை. நாற்பது வயதில் கழுகு மலைமேல் ஏறி, அலகைப் பாறையில் மோதி உடைத்து, இறகுகளைப் பிடுங்கிப் புதுப்பிறவி எடுக்குமாம். அலகு இல்லாத கழுகு பட்டினியால் சாகும். இறகு தானே சிறிது சிறிதாக உதிர்ந்து முளைக்கும். கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் கழுகுகளைப்போல எழும்புவார்கள் என்கிற ஏசாயா 40:31க்கு இந்தக் கதை தேவையே இல்லை. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று ஆண்டவர் சொன்னதற்கு விளக்கமாக, எருசலேமில் "ஊசியின் காது" என்றொரு குறுகிய வாசல் இருந்தது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. மாற்கு 10:27இல் "மனுஷரால் இது கூடாதது" என்று ஆண்டவர் சொல்கிறார். சுமையை இறக்கி, முழங்காலிட்டால் ஒட்டகம் நுழைந்துவிடும் என்று நாம் அதைக் கூடுவதாக்கிவிடுகிறோம்.

பாடக்குறிப்பு நோட்டு இப்போது எல்லாருக்கும் கட்டாயம். புதன்கிழமைக்குள் பாடப்பகுதியின் அதிகாரம் முழுவதையும் வாசித்து நான்கு காரியங்களை எழுத வேண்டும்: முன்னும் பின்னும் என்ன நடக்கிறது, பாடத்தின் உபதேசம் ஒரே வாக்கியத்தில், அது விசுவாசப்பிரமாணத்தின் எந்த வரியைத் தொடுகிறது, சொல்லப்போகும் கதை எங்கிருந்து கிடைத்தது. நான்காவதற்குப் பதில் இல்லையென்றால் கதையை விட்டுவிடுங்கள். சனிக்கிழமை இன்னொரு ஆசிரியர் நோட்டைப் பார்த்துக் கையெழுத்திடுவார். சிலர் பார்க்காமலே கையெழுத்திடுகிறார்கள். அதற்குக் கையெழுத்தே வேண்டாம்.

வகுப்பில் தவறு நேர்ந்தால் பிள்ளைகள் முன் திருத்தக் கூடாது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்பொல்லோ என்ற பிரசங்கியைத் தனியே "சேர்த்துக்கொண்டு" விவரித்தார்கள் (அப்போஸ்தலர் 18:26). ஆனால் அடுத்த ஞாயிறு அதே ஆசிரியர் அதே வகுப்பில் திருத்திச் சொல்ல வேண்டும். ஆசிரியர் மட்டும் திருந்தினால், பிள்ளை பழையதையே சுமந்துகொண்டு திடப்படுத்தல் (சபையில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) வகுப்புக்கு வரும்.

மனப்பாடப் பகுதிகளுக்கு ஒரே வாசகம் என்ற தீர்மானமும் நிறைவேறியது. 1529இல் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி பதில் நூலை எழுதிய ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தர், ஒரே வாசகத்தைத் தெரிந்துகொண்டு வருஷந்தோறும் மாற்றாமல் சொல்லிக்கொடுங்கள் என்று முன்னுரையில் கேட்டுக்கொள்கிறார். நம்மிடம் ஒரு வகுப்பு பழைய மொழிபெயர்ப்பிலும் அடுத்த வகுப்பு புதியதிலும் கற்பித்ததால், பிள்ளைகள் இரண்டையும் கலந்து எதையும் முடிக்க முடியாமல் நின்றார்கள். இனி ஆராதனை முறையில் உள்ள வாசகமே.

போதகர்களுக்கு அதிக ஆக்கினைத்தீர்ப்பு உண்டு என்கிற யாக்கோபு 3:1ஐக் காட்டிப் பொறுப்பிலிருந்து விலகக் கேட்ட இருவரைச் செயற்குழு விடவில்லை. உதவி ஆசிரியர்களாக வைத்திருக்கிறோம். நோட்டைத் திருப்பித் தராதவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் ஒப்படைத்தால் புது நோட்டு தரப்படும்.