மூணாவது படத்துல இருக்குறது கிரீனிஷ் வார்ப்ளர் இல்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல குளிர்காலப் பறவைகள் பத்தி போட்டிருந்த படக்கட்டுரை பாத்தேன், எங்க கோத்தகிரி பக்கம் எடுத்த படங்கன்னதும் ரெண்டு தடவை புரட்டிட்டேன், நல்லா இருந்துச்சு. ஆனா மூணாவது படத்துக்குக் கீழ கிரீனிஷ் வார்ப்ளர்னு, அதான் மரத்துல திரியுற இலைக்கதிர்க்குருவிங்கள்ல ஒண்ணோட பேரு, போட்டிருக்கீங்களே, படத்துல இருக்குறது அது இல்லைங்க. உண்ணிச்செடிக்குள்ள உக்காந்திருக்கு, உடம்பு பூரா மங்கின பழுப்பு, பச்சை ஒரு பொட்டுகூட இல்ல, றெக்கையில கோடு இல்ல, அலகு வேற நீளமா இருக்கு. பிளைத்ஸ் ரீட் வார்ப்ளர் அது. சாயங்காலம் வேலியோரமா நடந்து போனா புதருக்குள்ள இருந்து செக், செக்னு நாக்கைத் தட்டுற மாதிரி ஒரு சத்தம் வரும், ஆள் மட்டும் வெளிய தலைகாட்ட மாட்டாரு, அவரேதான். தமிழ்ல நாணல் கதிர்க்குருவிங்கறாங்க, பேரை நம்பி நாணலைத் தேடிப் போனா இங்க ஏமாந்துதான் வரணும்.

குறை சொல்லணும்னு எழுதலைங்க. இதைவிடப் பெரிய தப்பு நான் பண்ணிருக்கேன். எங்க வீட்டுக்குப் பின்னாடி எஸ்டேட்டு, வரிசையா சில்வர் ஓக் மரம், செப்டம்பர் அக்டோபர் வாக்குல அந்த மரங்கள்ல சின்னச் சின்னதா ஏதோ தாவ ஆரம்பிக்கும், கை விரல் நீளம்தான் இருக்கும், எடை எட்டு கிராம் பத்து கிராம், ஒரு செகண்டு நிக்காது. நான் ரெண்டு வருசம் அது எல்லாத்தையும் கிரீனிஷ்னே எழுதி வெச்சேன். ஏன்னா புஸ்தகத்துல கண் மேல வெள்ளைப் புருவம், றெக்கையில ஒரு வெளிர் கோடுன்னு இருந்துச்சு, ரெண்டும் தெரிஞ்சுது, முடிஞ்சுது கதை.

அப்புறம் ஒரு நவம்பர்ல எங்க ஊர் பக்கத்துல இருக்குற லாங்வுட் சோலைக்காட்டுக்குப் போயிருந்தேன். மழை விட்டு நல்ல மிஸ்ட், பத்தடி தள்ளி இருக்குற மரம் தெரியல, பைனாகுலர் கண்ணாடி வேற பூத்துப்போச்சு, சரி டீ குடிச்சிட்டு திரும்பிடலாம்னு நின்னுட்டு இருக்கேன், மேல இருந்து டிர்-டீ, டிர்-டீன்னு யாரோ விசிலடிக்கிற மாதிரி தெளிவா ரெண்டு சொரம், ரெண்டாவது சொரம் கொஞ்சம் மேல ஏறும். எங்க வீட்டு சில்வர் ஓக்ல கேக்குறது இது கிடையாதே, அது சி-லின்னு வேகமா ஒட்டிக்கிட்டு வருமேன்னு அப்பத்தான் உறைச்சுது. வீட்டுக்கு வந்து ரெக்கார்டிங் போட்டுக் கேட்டா, சோலையில கேட்டது லார்ஜ்-பில்ட் லீஃப் வார்ப்ளர், இன்னொரு இலைக்கதிர்க்குருவி. அதுக்கும் வெள்ளைப் புருவம் உண்டு, றெக்கையில கோடும் உண்டு! கண்ணு தெரியாம போனதாலதான் காது வேலை செஞ்சுதுன்னு வீட்டுல சொன்னா சிரிக்கிறாங்க.

உருவத்தை வெச்சுப் பிரிக்கவே முடியாதுன்னு சொல்ல வரலை. டிக்கெல்ஸ் லீஃப் வார்ப்ளர்னா அடிப்பக்கம் நல்ல மஞ்சள், றெக்கையில கோடு கிடையாது, பெரும்பாலும் தாழ்வா செடிங்க கிட்டயே திரியும், புதுசா பாக்குறவங்களுக்குக்கூட பழகிடும். வெஸ்டர்ன் கிரவுண்டு வார்ப்ளருக்கு உச்சந்தலையில வெளிர் கோடு ஓடும், ஆனா அது உக்காருறது மரத்து உச்சியில, நாம நிக்கிறது அடியில, கழுத்து வலிதான் மிச்சம். கிரீனிஷையும் கிரீன் வார்ப்ளரையும் பிரிக்கிறதுதான் தலைவலியே. கிரீன் காக்கேசியா பக்கம் குஞ்சு பொரிச்சிட்டு இங்க வருது, கழுத்து வயிறெல்லாம் மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கும்னு சொல்லுவாங்க, ஆனா பிப்ரவரி மார்ச்சுல எறகு தேஞ்சு போயிருக்கும்போது அந்த மஞ்சளும் இருக்காது, சில சமயம் றெக்கைக் கோடே உதிர்ந்து போயிருக்கும், ஏன்னா அந்தக் கோடு எறகு நுனியிலதான் இருக்கு. அப்பவும் சத்தம்தான் கை கொடுக்கும், கிரீன் கூப்பிடுறது சி-ரு-வீன்னு மூணா ஒடஞ்சு வரும். இதெல்லாம் போதாதுன்னு தேயிலைத் தோட்டத்துல இலை எதிரொளி பட்டா பழுப்புக் குருவியும் போட்டோவுல பச்சையா வந்து நிக்கும்.

இது ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்லைங்க. 1768-லயே இங்கிலாந்துல கில்பர்ட் வைட்னு ஒரு பாதிரியார், பாத்தா ஒண்ணு போலவே இருக்குற இந்த ஜாதிக் குருவியில பாட்டு மூணு விதமா வருதேன்னு கவனிச்சு, இது மூணு தனி இனம்னு பிரிச்சிருக்காரு. இப்ப நம்ம கையில இருக்குற பைனாகுலரும் கேமராவும் அவருகிட்ட ஏது.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். வாசகர்கள் வார்ப்ளர் படம் அனுப்பும்போது எந்த மாசம், எந்த எடம், மரத்து மேலயா புதருக்குள்ளயா, கூப்பிட்டுச்சா, எப்படிக் கூப்பிட்டுச்சுன்னு ரெண்டு வரி கேட்டு வாங்கிப் போடுங்க. அது இல்லைன்னா இலைக்கதிர்க்குருவின்னு மட்டும் போட்டு விட்டுடுங்க, ஒரு கௌரவக் குறைச்சலும் கிடையாது. பறவை பாத்த கணக்கை எழுதி வெக்கிற இ-பேர்டு இணையதளத்துலயே கிரீன், கிரீனிஷ் ரெண்டு பேரையும் சாய்கோடு போட்டுச் சேத்து ஒரே வரியில எழுத வழி வெச்சிருக்காங்க, நான் இப்பல்லாம் பாதி நாள் அதைத்தான் எழுதுறேன். பேரு கண்டுபிடிக்கணும்னு போன்ல சத்தத்தைப் போட்டுக் காட்டி வரவழைக்கிறது மட்டும் வேண்டாம்னும் ஒரு வரி சேத்துக்கோங்க, லாங்வுட்ல வாராவாரம் நடக்குது, ஸ்பீக்கரோட வர்றாங்க.

அந்தப் படம் எடுத்தவர்கிட்ட முடிஞ்சா கேட்டுப் பாருங்க, செக் செக்னு கேட்டுச்சான்னு. கேட்டுச்சுன்னு சொன்னா அடுத்த இதழ்ல ஒரு திருத்தம். கேக்கவே இல்லன்னு சொன்னா ஏப்ரலுக்குள்ள திரும்ப அதே புதர்கிட்ட போகச் சொல்லுங்க, அதுக்கப்புறம் குருவியார் ஊருக்குக் கிளம்பிடுவாரு.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
கோத்தகிரி