பள்ளிக்கூட நாவல்கள் ஏன் பெரியவர்கள் பக்கம் இருக்கின்றன: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடைக்குள் நுழைந்ததும் வலது கைப்பக்கம், சரித்திர நாவல்களுக்கு அடுத்து ஒரு புது அலமாரி போட்டிருக்கிறோம். பள்ளிக்கூட நாட்களைப் பற்றிய நாவல்கள் மட்டும்தான் அதில். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளின் கதையைச் சிறுவர் பகுதியில் வைக்காமல் இங்கே ஏன் வைத்தீர்கள் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பில் போடுகிற நேரத்தில் இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை, பின்னால் வரிசை நிற்கிறது. அதனால்தான் இந்த மடல்.

சிறுவர் கதை வேறு, பள்ளிக்கூட நாவல் வேறு. சிறுவர் கதையில் அடுத்து என்ன நடக்கும் என்பதுதான் பிள்ளைக்கு முக்கியம். பள்ளிக்கூட நாவலையோ, அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்து பல வருடம் ஆன ஒருவர் எழுதுகிறார். பதினான்கு வயதில் பட்ட பயத்தையும் வெட்கத்தையும் அப்படியே நினைவில் வைத்துக்கொண்டு, நாற்பது வயதுக் கண்ணால் அதைப் பார்க்கிறார். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது.

ஒரு காட்சியை வைத்துச் சொல்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் பையன். ரேங்க் கார்டில் கணக்குக்கு நேராகச் சிவப்பு மையில் மார்க். அப்பாவிடம் காட்டப் பயந்து, அவர் கையெழுத்தைத் தானே போடப் பழகுகிறான். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க அதே கையெழுத்து, கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. ஒரு வாரம் பழகி, கடைசியில் கார்டில் போடும்போது அப்பா போடுவதை விட அழகாகப் போட்டுவிடுகிறான். வகுப்பாசிரியர் அதைப் பார்த்து, "உங்கப்பா எப்போதிலிருந்து இவ்வளவு நிதானமாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்?" என்று கேட்கிறார். இதைப் படிக்கிற பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும். அதே பக்கத்தைப் படிக்கிற அம்மா விழுந்து விழுந்து சிரிப்பார், ஏனென்றால் அவருக்கும் ஒரு ரஃப் நோட்டு இருந்திருக்கும். இரண்டு பேர் படிப்பதும் ஒரே புத்தகம்தான். ஆனால் அது முழுசாகத் திறப்பது அம்மாவுக்கு. பெரியவர்கள் பக்கம் வைத்ததற்கு முதல் காரணம் இது.

இந்த வகை நாவலின் கட்டுமானமும் நாங்கள் ரசிக்கிற விஷயம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். புது நோட்டுக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டுவார்கள். அப்புறம் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு. எழுத்தாளர் தனியாகத் திருப்பங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை, பள்ளி நாட்காட்டியே கதையை இழுத்துக்கொண்டு போகும். முடிவும் பெரும்பாலும் ஒன்றுதான்: யாரோ ஒருவன் டி.சி. வாங்கிக்கொண்டு போவான். போலீஸ், ரயில்வே, பட்டாளம் என்று மாற்றலாகிற அப்பாக்கள் நிறைந்த நம் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆர்.கே. நாராயண் 1935-ல் வெளியிட்ட முதல் நாவலான 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'-இல் ஸ்வாமிக்குப் பத்து வயதுதான். அதுவரை மால்குடியின் கிரிக்கெட்டும் வாத்தியார்களும் திண்டாட்டமுமாக நம்மைச் சிரிக்கவைத்த கதை, ஸ்டேஷனில் ராஜம் ரயிலேறிப் போவதில் முடிகிறது. நண்பனுக்குக் கொடுக்க ஸ்வாமி கையில் ஒரு புத்தகம் வைத்திருப்பான். சிரித்துக்கொண்டே வந்த வாசகர்கள் அந்தக் கடைசி அத்தியாயத்தில் சும்மா இருக்க முடியாது.

இனி நம் வேலூர்ப் பக்கத்துச் சமாச்சாரம். அலமாரியின் நடுத்தட்டில் மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' இருக்கும். 1961-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். மு.வ. 1912-ல் பிறந்தவர், வாலாஜா பக்கத்து வேலம் அவர் குடும்பத்து ஊர், திருப்பத்தூரில் பள்ளித் தமிழாசிரியராக வேலை பார்த்தவர். சுருக்கமாகச் சொன்னால், பழைய வட ஆற்காட்டு மனிதர். இந்த நாவலைச் சொல்கிற வேலய்யன் வாலாஜாப்பேட்டைப் பையன். பெருங்காஞ்சி கிராமத்திலிருந்து அங்கே படிக்க வருகிறான் சந்திரன். அழகன், படிப்பில் சூரன். வேலய்யன் எல்லாவற்றிலும் நடுத்தரம். வகுப்பில் தன்னை விடப் பிரகாசமான ஒருவனோடு சிநேகமாக இருப்பதில் உள்ள பெருமை, பொறாமை, பயம் மூன்றையும் இவ்வளவு பொறுமையாக எழுதிய தமிழ் நாவல் குறைவு என்பது எங்கள் எண்ணம். நகைச்சுவைக்காக இதைத் தேடாதீர்கள். மு.வ. இடையிடையே நிறுத்தி அறிவுரை சொல்வார், அந்தப் பக்கங்கள் மெதுவாகத்தான் நகரும். ஆனாலும் பாலாற்றங்கரையில் படித்து வளர்ந்த யாரும் இதைப் படிக்காமல் இருக்கக் கூடாது. வாலாஜா, சோளிங்கர் பக்கமெல்லாம் 2019-லிருந்து ராணிப்பேட்டை மாவட்டமாகிவிட்டது. மாவட்டம் பிரிந்தாலும் வேலய்யன் நம்ம பையன்தான்.

பழைய நாவல்களை எடுக்கிற இளையவர்கள் ஒரு இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள். 'முதல் பாரம்', 'ஆறாம் பாரம்' என்று வரும். முதல் பாரம் என்பது இன்றைய ஆறாம் வகுப்பு. ஆறாம் பாரம் பதினோராம் வகுப்பு, எஸ்.எஸ்.எல்.சி. எழுதியது அப்போதுதான். 1978-ல் பிளஸ் டூ முறை வந்த பிறகே பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. ஆனது. இது தெரிந்துவிட்டால், கதையில் ஆறாம் பாரத்துப் பையன் மீசை முளைத்து நிற்பதும், கல்யாணப் பேச்சு அடிபடுவதும் சரியாகப் புரியும். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களிடமே கேளுங்கள். அந்தப் பேச்சு நாவலை விடச் சுவையாக இருக்கும்.

எல்லாப் பள்ளிக்கூட நாவலையும் நாங்கள் வாங்கி அடுக்கவில்லை. பிரம்படியை இனிப்பாக நினைத்து உருகுகிற புத்தகங்களை ஒதுக்கியிருக்கிறோம். வாத்தியார் அடித்ததால்தான் உருப்பட்டேன் என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதியிருப்பார்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது. அதற்கு முந்தைய காலத்துக் கதையில் பிரம்பு வருவது இயல்புதான். அதை மறைக்கச் சொல்லவில்லை. அடி வாங்கிய பையனின் உள்ளங்கையை எழுத்தாளர் மறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாதியும் அப்படியே. மதியச் சாப்பாட்டுக்கு யார் யாரோடு உட்கார்ந்தார்கள், தண்ணீர்ப் பானையை யார் தொட்டார்கள் என்பதைத் தாண்டிக் குதித்துவிட்டு எல்லாம் பொற்காலம் என்று எழுதினால், அது பாதிப் பேருடைய பள்ளிக்கூடம் மட்டுமே.

எங்களுக்கு ஒரு ஏக்கமும் உண்டு. வேலூர்ப் பள்ளிக்கூடம் முழுசாக, வாய் விட்டுச் சிரிக்கிற மாதிரி, இன்னும் எங்கள் அலமாரிக்கு வரவில்லை. வீட்டில் தெலுங்கு, தெருவில் உருது, வகுப்பில் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிற பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே "இன்னாடா" என்றவன் உள்ளே போனதும் "ஐயா" என்று கை கட்டி நிற்பான். தண்ணீர் ஓடாத பாலாற்று மணலில் ஸ்டம்பு நட்டு, பந்து முள்ளுக்குள் போய்விட்டால் ஆட்டமே முடிந்துவிடும். சித்திரை வெயிலில் முழு ஆண்டுப் பரீட்சை எழுதும்போது வியர்வை சொட்டி மை கலைந்த விடைத்தாள், பள்ளி வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்ப் பத்தை, அதைக் கடன் சொல்லி வாங்கித் தின்னும் கூட்டம். கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப்போனால் 1806 புரட்சியைப் பற்றி ஆசிரியர் சொல்வதைக் கேட்காமல் அகழியில் மீன் தேடுகிற நாலு பேர். இதையெல்லாம் எழுதக்கூடியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். யாராவது எழுதி அச்சாகிவிட்டால் முதல் தட்டு உங்களுக்குத்தான்.

பெற்றோர் இன்னொன்றும் கேட்கிறீர்கள். காதல் கடிதமெல்லாம் வருகிறதே, பிள்ளைகளிடம் கொடுக்கலாமா? எட்டாம் வகுப்பிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. நோட்டுக்குள் மடித்து வைத்த ஒரு கடிதத்தால் நாவலில் என்னென்ன கூத்து நடக்கிறது என்று படித்த பிள்ளைக்கு, தன் மனசில் இருப்பதை வீட்டில் பேச ஒரு வழி கிடைக்கும். நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். பெரியவர்கள் பக்கம் வைத்ததற்கு இரண்டாவது காரணம் அதுதான்: வாங்குகிறவர் கையில் முதலில் ஒரு நாள் இருந்துவிட்டுப் பிள்ளையிடம் போகட்டும்.

கடைசியாக, இரவல் விவரம். இந்த அலமாரியில் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி இரவலுக்கு உண்டு, இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். காட்பாடியில் ரயிலேறித் தினமும் சென்னை போய் வருகிறவர்கள் மாலையில் கடை சாத்துவதற்குள் வர முடிவதில்லை என்று சொன்னீர்கள். ஞாயிறு காலையிலும் இனித் திறந்திருப்போம். 'அகல் விளக்கு' இரவல் பிரதி வெளியே போயிருந்தால் கல்லாவில் உள்ள நோட்டில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள், வந்ததும் போன் பண்ணுகிறோம். பக்கத்தை மடிக்காமல் இருக்க நூல் வைத்துத் தருகிறோம், அதையே பயன்படுத்துங்கள்.

அன்புடன்,
கடையார்
வேலூர்