மாடி அறைத் திருப்பணி நிறைவு அறிக்கை

படிப்பக உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு ஒப்படைத்த இரண்டு வேலைகளும் முடிந்துவிட்டன. ஒன்று, ஒழுகிக்கொண்டிருந்த மாடி அறையைச் சரிசெய்தது. இன்னொன்று, அதே அறையில் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் வாழ்க்கையும் வேலையும் பற்றிய கண்காட்சி. கோயில் வேலையைத்தானே திருப்பணி என்பார்கள் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கணக்கு நோட்டில் முதல் நாளே அப்படி எழுதிவிட்டோம், இனி அடிப்பதாக இல்லை.

கூரையைப் பற்றி முதலில். நம்முடையது பழைய மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தட்டைக் கூரை. ஒரு காலத்தில் ஒழுகலுக்குப் பயந்து யாரோ மேலே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஈரம் உள்ளேயே தங்கி, இரண்டு தேக்குக் கட்டைகள் உளுத்துப்போயிருந்தன. அவற்றை மாற்றி, சிமெண்டைக் கொத்தி எடுத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடித்த சத்தத்தில் கீழே பேப்பர் படித்தவர்கள் சிலர் வீட்டுக்கே போய்விட்டார்கள். மேலே தட்டு ஓடுகளைப் பதித்தாகிவிட்டது. ஐப்பசி மழையில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

சரி, கண்காட்சிக்கு வருவோம். உழைப்பாளர் சிலை நமக்கு வீட்டு ஆள் மாதிரி. பாறையை நகர்த்தும் அந்த நான்கு பேர் 1959 முதல் மெரினாவில் நிற்கிறார்கள். செய்தவர் யார் என்று நம் கூட்டத்தில் கேட்டபோது இரண்டு கைதான் உயர்ந்தது. இந்தக் கண்காட்சிக்கு அதுவே காரணம்.

அதைச் செய்த ராய் சௌத்ரி 1899-இல் இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர்ப் பக்கம் பிறந்தவர், ஜமீன் வீட்டுப் பிள்ளை. ஓவியம் கற்றது வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூரிடம். 1929-இல் எழும்பூர் ஓவியப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். 1957 வரை இருந்தார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சிற்பி எஸ். தனபாலும் அவரிடம் படித்தவர்கள்தான். ஆனால் ஓவியர் என்றால் நாம் நினைக்கும் மென்மையான ஆள் இல்லை. மல்யுத்தம் செய்தார், வேட்டைக்குப் போனார், புல்லாங்குழல் வாசித்தார், வங்காள மொழியில் கதையும் எழுதினார். வேட்டை பற்றிய பலகை வேண்டாம் என்று குழுவுக்குள்ளேயே சண்டை. வைத்துவிட்டோம். பிடித்ததை மட்டும் காட்டினால் அது கண்காட்சி இல்லை, கல்யாண ஆல்பம்.

அவர் கைப்பட்ட அசல் எதுவும் நம்மிடம் இல்லை, புகைப்படங்கள்தான். அதற்கு ஈடாக, எழும்பூரில் படித்த சிற்பி ஒருவர் வெண்கலச் சிலை உருவாகும் விதத்தை ஒரு பாதத்தை வைத்து வரிசையாகக் காட்டியிருக்கிறார்: கம்பிக்கூடு, களிமண் பாதம், பிளாஸ்டர் அச்சு, கடைசியில் வார்ப்பு. களிமண் பாதத்தில் பெருவிரல் தரையைக் கவ்வும் இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். முழு உடம்பின் பாரமும் அங்கேதான் இறங்குகிறது.

பாட்னாவின் தியாகிகள் நினைவுச் சின்னத்துக்கு ஒரு பலகை உண்டு. 1942-இல் கொடியேற்றப் போய்ச் சுடப்பட்ட ஏழு மாணவர்களின் சிலை அது. அப்புறம், எல்லாரும் நின்று பார்ப்பது ஒரு செல்லாத ஐந்நூறு ரூபாய் நோட்டை! அதன் பின்பக்கத்தில் இருக்கும் தண்டி யாத்திரைக் காட்சி, டெல்லியில் நிற்கும் இவருடைய பதினொரு உருவச் சிலைதான். உறுப்பினர் வீட்டு மிளகு டப்பாவில் 2016-க்குப் பிறகும் தப்பிக் கிடந்த நோட்டு அது.

ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். வாசல் பேனரில் உழைப்பாளர் சிலைப் படம் இடம் வலமாகத் திரும்பி அச்சாகி வந்தது. குழுவில் ஒருவரும் கவனிக்காமல் கட்டியும்விட்டோம். மெரினாவில் சுண்டல் விற்கும் நம் உறுப்பினர் வாசலிலேயே நின்று, "இவங்க இந்தப் பக்கம் தள்ள மாட்டாங்களே" என்றார். அச்சகத்தில் மறுபடி அடிக்கச் சொன்னோம், பாதிச் செலவு நம் தலையில்.

வரவு செலவு முழுவதும் ரசீதுகளோடு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. தச்சருக்குக் கொடுக்க வேண்டிய கடைசித் தவணை மட்டும் பாக்கி. நன்கொடை சொல்லிவிட்டு இன்னும் தராதவர்கள் இந்த வாரத்துக்குள் பொருளாளரிடம் சேர்த்துவிடவும். மாடி அறைச் சாவி நூலகரிடம் இருக்கும். களிமண் பாதத்தைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுண்டுவிரலை ஏற்கெனவே ஒருமுறை ஒட்டியாகிவிட்டது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு